ஒப்பந்த அறையிலேயே முடிந்துவிடும் போட்டி

விண்டோஸ் 11 கணினி வாங்கினால் ‘எட்ஜ்’ பிரவுசர் கூடவே வரும். பாரிஸில் வாழும் ஒருவர் அது வேண்டாம் என்று நினைத்தால் மற்ற மென்பொருள்களைப் போலவே நீக்கிவிடலாம். 2024 மார்ச்சிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி முழுவதற்கும் மைக்ரோசாஃப்ட் இந்த வசதியைத் தந்திருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் அதே கணினியை வாங்குகிறவருக்கு அந்த வசதி கிடையாது. நிறுவனம் ஒன்றுதான், மென்பொருளும் ஒன்றுதான். அங்கே டிஜிட்டல் சந்தைச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. இங்கே அப்படியொரு சட்டம் வரைவோடு நிற்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரவுசரை விண்டோஸிலிருந்து பிரிக்கவே முடியாது என்று இதே நிறுவனம் ஒரு காலத்தில் அடித்துப் பேசியது. 1997 டிசம்பரில் வாஷிங்டன் மாவட்ட நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன், விண்டோஸ் 95 வேண்டுமென்றால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கணினித் தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என இடைக்கால உத்தரவு போட்டார். எக்ஸ்ப்ளோரரின் கோப்புகளை எடுத்தால் விண்டோஸே ஓடாது, அப்படி ஓடாத விண்டோஸ்தான் வேண்டுமென்றால் தருகிறோம் என்ற தோரணையில் மைக்ரோசாஃப்ட் பதில் சொன்னது. நீதிபதி சும்மா இருக்கவில்லை. ஒரு கணினியில் எக்ஸ்ப்ளோரரை நீக்கச் சொல்லிப் பார்த்தார். 90 விநாடிக்குள் வேலை முடிந்தது, விண்டோஸும் ஒழுங்காக ஓடியது. போனது முகப்பு மட்டும்தான், உள்ளே நிரல் அப்படியே இருக்கிறது என்றது நிறுவனம். அதிலும் உண்மை இருந்தது.

1998 மே 18 அன்று அமெரிக்க நீதித்துறையும் 20 மாநிலங்களும் தொடுத்த பெரிய வழக்கில் இந்தச் சண்டை நாடகமாகவே ஆனது. பிரவுசரை விண்டோஸிலிருந்து கழற்ற முடியும் என்று காட்ட, அரசுத் தரப்புச் சாட்சியான பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன் ஒரு சிறு நிரலை எழுதியிருந்தார். அதை ஓடவிட்டால் விண்டோஸ் மந்தமாகிவிடுகிறது என்று நிரூபிக்க 1999 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் ஒரு காணொளியைக் கொண்டுவந்தது. அரசு வழக்கறிஞர் டேவிட் பாய்ஸ் அதை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். ஃபெல்டனின் நிரல் ஓடியிருந்தால் சாளரத்தின் தலைப்புப் பட்டையில் ஒரு சொல் மாறியிருக்க வேண்டும்; திரையில் அது மாறாமலே இருந்தது. ஒரே கணினி என்று காட்டப்பட்ட காட்சி, வெவ்வேறு கணினிகளில் எடுத்து ஒட்டியது என்பதை நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பில் கேட்ஸின் சாட்சியக் காணொளியையும் இந்தத் தலைப்புப் பட்டையையும்தான் அந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

என் பார்வையில் வழக்கின் உயிர் அந்தக் காட்சிகளில் இல்லை. பிரவுசரைக் கழற்ற முடியுமா என்பது பொறியாளர்கள் கேட்க வேண்டிய கேள்வி. போட்டிச் சட்டம் கேட்க வேண்டியது வேறு: வேறொரு பிரவுசரைத் தன் கணினியின் முதல் திரையில் வைக்க விரும்பிய தயாரிப்பாளருக்கு என்ன ஆனது? வழக்கின் ஆவணங்களில் அதற்குத்தான் பதில் குவிந்து கிடந்தது.

1996-ல் காம்பாக் நிறுவனம் தன் பிரசாரியோ கணினிகளின் முகப்பிலிருந்து எக்ஸ்ப்ளோரர் சின்னத்தை எடுத்துவிட்டு நெட்ஸ்கேப்பை முன்னிறுத்தியது. விண்டோஸ் 95 உரிமத்தையே ரத்து செய்யப்போவதாக மைக்ரோசாஃப்டிடமிருந்து கடிதம் வந்தது. விண்டோஸ் இல்லாமல் காம்பாக் யாரிடம் போய்க் கணினி விற்கும்? சின்னம் திரும்பி வந்தது. ஐபிஎம் கதை இன்னும் கூர்மையானது. அது சொந்தமாக ‘ஓஎஸ்/2’ என்ற போட்டி இயங்குதளம் வைத்திருந்தது. 1995 ஆகஸ்ட் 24 அன்று உலகமே பார்த்த விண்டோஸ் 95 அறிமுக விழா தொடங்க 15 நிமிடம் இருக்கும்போதுதான் அதற்கு உரிமம் கையெழுத்தானது. மற்றவர்கள் எல்லாரும் கடை விரித்த பிறகு ஐபிஎம் சரக்கு தேட வேண்டியிருந்தது.

இந்தப் பழக்கம் பிரவுசர் காலத்துக்கும் முந்தையது. டாஸ் காலத்திலேயே, விற்கும் கணினி ஒவ்வொன்றின் பிராசஸருக்கும் இவ்வளவு என்று தயாரிப்பாளர்களிடம் மைக்ரோசாஃப்ட் உரிமத்தொகை வாங்கிவந்தது. கணினியில் வேறு நிறுவனத்தின் இயங்குதளத்தைப் போட்டு விற்றாலும் மைக்ரோசாஃப்டுக்குக் காசு போக வேண்டும். அதாவது, போட்டியாளரின் சரக்கை வாங்குகிறவர் இரண்டு முறை பணம் கட்டினார். 1994-ல் அமெரிக்க நீதித்துறையுடன் செய்துகொண்ட உடன்பாட்டில்தான் இந்த முறை கைவிடப்பட்டது. அந்த உடன்பாட்டிலேயே ‘ஒருங்கிணைந்த பொருள்களை’ உருவாக்கத் தடையில்லை என்ற வரியும் இருந்தது. எக்ஸ்ப்ளோரர் அந்த வரியின் வழியாகத்தான் உள்ளே வந்தது.

நம் ஊர் உரக்கடையில் யூரியா கேட்டால், கூடவே ஏதாவது ஒரு நுண்ணூட்ட உரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று தலையில் கட்டுவார்கள். விவசாயி கோபப்படுவார், ஆட்சியரிடம் மனுக் கொடுப்பார், ஏனென்றால் அவர் பையிலிருந்து பணம் போகிறது. மென்பொருளில் தலையில் கட்டுவது இலவசம். நெட்ஸ்கேப் காசுக்கு விற்ற காலத்தில் எக்ஸ்ப்ளோரர் சும்மா கிடைத்தது. வாங்குகிறவருக்கு எந்த வலியும் இல்லை. மனுக் கொடுக்க ஆளும் இல்லை. நஷ்டம் ஐந்தாறு ஆண்டு கழித்து, வேறு உருவத்தில், வேறு ஆட்களுக்கு வருகிறது.

அப்படித்தான் வந்தது. 2001 ஜூன் 28 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் மைக்ரோசாஃப்ட் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்று ஒருமனதாகச் சொன்னார்கள். நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்ன ஜாக்சனின் உத்தரவை ரத்தும் செய்தார்கள். பத்திரிகையாளர்களிடம் வாய்விட்டுப் பேசியதற்காக ஜாக்சன் வழக்கிலிருந்து விலக்கப்பட்டார். ஆனால், நெட்ஸ்கேப் அதற்கு முன்பே ஏஓஎல் கைக்குப் போய்ச் சுருங்கிவிட்டிருந்தது. தீர்ப்பு வந்த இரண்டே மாதத்தில் எக்ஸ்ப்ளோரர் 6 வெளியானது. அடுத்த பதிப்பு வந்தது 2006 அக்டோபரில். ஐந்து ஆண்டுகள் உலகின் பெரும்பான்மைக் கணினிகளில் இருந்த பிரவுசரை, இடையில் பாதுகாப்புத் திருத்தங்கள் தவிர, யாரும் பெரிதாகத் தொடவே இல்லை. போட்டியாளர் இல்லாத இடத்தில் எதற்கு மெனக்கெட வேண்டும்?

தென் கொரியா இதற்குக் கொடுத்த விலை படிக்கச் சுவாரசியமானது. 1990-களின் இறுதியில் அங்கே உருவாக்கிய சொந்தக் குறியாக்க முறையை இணைய வங்கிக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்தினார்கள். எந்த பிரவுசரிலும் அது இல்லாததால் மைக்ரோசாஃப்டின் ‘ஆக்டிவ்எக்ஸ்’ வழியாகச் சொருகினார்கள். ஆக்டிவ்எக்ஸ் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் வேலை செய்யும். உலகம் வேறு பிரவுசர்களுக்குப் போன பிறகும், பணம் கட்ட வேண்டுமானால் கொரியர்கள் எக்ஸ்ப்ளோரரைத்தான் திறக்க வேண்டியிருந்தது. 2014-ல் அந்நாட்டு அதிபர் பார்க் குன்-ஹே, புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரின் கதாநாயகி அணிந்த கோட்டை வெளிநாட்டு ரசிகர்களால் இணையத்தில் வாங்க முடியவில்லையே என்று கூட்டத்தில் குறைபட்டுக்கொண்டார். 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ப்ளோரருக்கு விடைகொடுத்தபோது ஒரு கொரியப் பொறியாளர் அதற்குக் கல்லறைக் கல்லே செய்து வைத்தார்.

தமிழுக்கும் இதில் சின்னப் பங்கு உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் நம் இணையதளங்கள் பலவும் தங்களுக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தன. பக்கத்தைத் திறந்ததும் எழுத்துருவும் தானே இறங்கிவரும் ‘டைனமிக் ஃபான்ட்’ நுட்பம் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு வடிவத்திலும் நெட்ஸ்கேப்புக்கு வேறு வடிவத்திலும் இருந்தது. எக்ஸ்ப்ளோரர் ஒன்றே மிஞ்சியபோது அதன் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்ட தளங்கள் உண்டு. வேறு பிரவுசரில் திறந்தால் தமிழ்ச் செய்தி புரியாத குறிகளாகத் தெரியும். அரசுத் தளங்களின் அடியில் ‘இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்க்கச் சிறந்தது’ என்ற வரி எத்தனை ஆண்டுகள் கிடந்தது என்பது அவற்றில் விண்ணப்பம் நிரப்பியவர்களுக்குத் தெரியும்.

ஐரோப்பா வேறு வழிகளில் முயன்றது. 2004-ல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, விண்டோஸ் மீடியா பிளேயர் இல்லாத ஒரு விண்டோஸையும் விற்க வேண்டும் என்றது. அதற்கு ‘குறைக்கப்பட்ட மீடியா பதிப்பு’ என்ற பொருளில் பெயர் வைக்க மைக்ரோசாஃப்ட் முனைந்தது. இந்தப் பெயரைக் கேட்டால் யார் வாங்குவார்கள் என்று ஆணையம் மறுத்துவிட, கடைசியில் ‘எக்ஸ்பி என்’ என்று நின்றது. பெயரில் இவ்வளவு கவனமாக இருந்த ஆணையம் விலையில் கோட்டைவிட்டது. பிளேயர் உள்ளதும் இல்லாததும் ஒரே விலைக்கு விற்கலாம் என்று விட்டுவிட்டார்கள். ஒரே காசுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறதை விட்டுவிட்டுக் குறைவானதை யார் எடுப்பார்? 2006-ல் மைக்ரோசாஃப்டே சொன்ன கணக்குப்படி, ஐரோப்பாவில் தயாரிப்பாளர்களும் விற்பனையாளர்களும் வாங்கிய ‘எக்ஸ்பி என்’ பிரதிகள் 1,787. மொத்த எக்ஸ்பி விற்பனையில் 0.005 விழுக்காட்டுக்கும் கீழே. அந்த எண்ணிக்கையை நிறுவனம் பெருமையாகவே வெளியிட்டது.

அடுத்து, தேர்வை நேராகப் பயனரிடமே கொடுத்துவிடலாம் என்று நினைத்தார்கள். 2010 மார்ச் முதல் ஐரோப்பிய விண்டோஸ் கணினிகளில் பிரவுசர்களைப் பட்டியலிட்டு, எது வேண்டும் என்று கேட்கும் திரை வந்தது. முதல் ஐந்து பிரவுசர்களின் வரிசை கணினிக்குக் கணினி குலுக்கலில் மாறும் என்று ஏற்பாடு. சில நாள்களிலேயே ஒரு வல்லுநர் கணக்குப் போட்டுப் பார்த்தார்: எக்ஸ்ப்ளோரர் பாதிக்குப் பாதி முறை கடைசி இடத்தில்தான் வந்து நின்றது. குலுக்கும் நிரலைத் தப்பாக எழுதியிருந்தார்கள். மைக்ரோசாஃப்டின் கைத்தவறு மைக்ரோசாஃப்டையே பின்னுக்குத் தள்ளியிருந்தது. அதைச் சரிசெய்தார்கள். ஆனால், 2011-ல் வந்த ஒரு புதுப்பிப்போடு அந்தத் திரையே காணாமல் போனதை 2012 ஜூலை வரை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேருக்கு அது தெரியவே இல்லை. தொழில்நுட்பக் கோளாறு என்றது நிறுவனம். 2013 மார்ச்சில் 56.1 கோடி யூரோ அபராதம் கட்டியது. ஓராண்டுக்கு மேல் ஒரு திரை மறைந்திருந்தும் பெரிய கூச்சல் எழவில்லையே, அந்தத் திரை எவ்வளவு பேருக்குத் தேவைப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்தியாவில் இதே திரை வந்தால் என்ன ஆகும் என்பதை எந்தச் செல்போன் கடையிலும் பார்க்கலாம். பெட்டியைப் பிரிப்பது, சிம் போடுவது, பழைய போனிலிருந்து தொடர்பு எண்களை மாற்றுவது எல்லாம் கடைப் பையன்தான். மொழி, வைஃபை, கணக்கு, அனுமதி என்று வரிசையாக வரும் திரைகளில் கட்டைவிரலால் ‘ஓகே, நெக்ஸ்ட், ஓகே’ என்று தட்டிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் டெம்பர்டு கிளாஸ் விலை சொல்லிக்கொண்டிருப்பார். எந்தத் தேடுபொறி வேண்டும் என்ற கேள்வி வந்தாலும் அந்தக் கட்டைவிரலே பதில் சொல்லிவிடும். போனின் சொந்தக்காரர் அந்தத் திரையைப் பார்த்திருக்கவே மாட்டார்.

தேர்வுத் திரை எங்குமே பலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ரஷ்யாவில் 2017-ல் கூகுள் உடன்பாட்டுக்கு வந்து ஆண்ட்ராய்டு போன்களில் தேடுபொறியைத் தேர்ந்தெடுக்க வழிவிட்ட பிறகு, யாண்டெக்ஸின் பங்கு கணிசமாக ஏறியது. அங்கே யாண்டெக்ஸ் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். பெயர் தெரிந்தவர் இருந்தால்தான் பட்டியல் உதவும்.

மைக்ரோசாஃப்ட் தண்டிக்கப்படாமலே தப்பித்தது என்று சொல்கிறவர்களோடு நான் முழுவதும் உடன்படவில்லை. வழக்குக்குப் பிறகு அது கைகட்டிக்கொண்டு இருந்த காலத்தில்தான் கூகுள் வளர்ந்தது. எக்ஸ்ப்ளோரர் 7-ன் தேடல் பெட்டியில் எம்எஸ்என் தேடலே முன்கூட்டி அமைக்கப்பட்டிருக்கும் என்று தெரிந்ததும், 2005-ல் கூகுளின் தலைமைச் சட்ட அதிகாரி மைக்ரோசாஃப்டுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். முன்கூட்டி அமைத்ததை மக்கள் பெரும்பாலும் மாற்ற மாட்டார்கள் என்ற கவலைதான் அதன் சாரம். அப்போது கூகுள் டூல்பாரை வளர்த்து, 2008-ல் குரோமைக் கொண்டுவந்த குழுவின் தலைவர், மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. 2023 அக்டோபரில் வாஷிங்டன் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் இருந்த அவரிடம் அரசுத் தரப்பு அந்தப் பழைய கடிதத்தை நீட்டியது. இந்த முறை குற்றம் சாட்டப்பட்டிருந்தது கூகுள். ஆப்பிள், சாம்சங், மொசில்லா போன்றவர்களின் கருவிகளிலும் பிரவுசர்களிலும் தன் தேடுபொறியே முன்கூட்டி இருப்பதற்காக 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்று அந்த விசாரணையில் வெளிவந்தது. மக்கள் எளிதாக மாற்றிக்கொள்வார்கள் என்றால் அவ்வளவு பணத்தை யார் கொட்டுவார்?

2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில் தீர்வு சொன்னபோது குரோமை விற்கச் சொல்லவில்லை. பிரத்யேக ஒப்பந்தங்களைத் தடுத்தவர், இடத்துக்குப் பணம் கொடுப்பதை மட்டும் தடுக்கவில்லை. பாதிக் கதவை மூடிவிட்டுப் பெரிய பாதியைத் திறந்தே வைத்த தீர்வு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆண்ட்ராய்டில் காம்பாக் கதை மறுபடி நடந்தது. பிளே ஸ்டோர் வேண்டுமா? அப்படியானால் தேடல், குரோம் உட்பட மொத்தத் தொகுப்பையும் ஏற்று, சொன்ன இடத்தில் வைக்க வேண்டும் என்பது ஓர் ஒப்பந்தம். கூகுள் ஒப்புதல் இல்லாத ஆண்ட்ராய்டு வகைகளில் ஒரு கருவிகூடச் செய்யக் கூடாது என்பது இன்னோர் ஒப்பந்தம். 2012 செப்டம்பரில் தைவானின் ஏசர் நிறுவனம் அலிபாபாவின் அலியுன் இயங்குதளத்தோடு ஒரு போனை ஷாங்காயில் அறிமுகப்படுத்த நாள் குறித்திருந்தது. அழைக்கப்பட்டவர்கள் வந்துகொண்டிருந்த நேரத்தில் விழாவே ரத்தானது. அலியுன் தன் ஆண்ட்ராய்டுக்கு ஒவ்வாத வகை என்று கூகுள் ஆட்சேபித்திருந்தது. அந்த போன் நல்லதா கெட்டதா என்று எந்த வாடிக்கையாளரும் தீர்மானிக்கவில்லை.

இந்தியப் போட்டி ஆணையம் இந்த ஒப்பந்தங்களைத்தான் தொட்டது. ஆய்வாளர்கள் இருவரும் ஒரு சட்ட மாணவரும் கொடுத்த புகாரின் பேரில் 2019 ஏப்ரலில் விசாரணைக்கு உத்தரவிட்டு, 2022 அக்டோபர் 20 அன்று 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. எந்தெந்தச் செயலியை ஏற்றுவது, எங்கே வைப்பது என்பதைப் போன் தயாரிப்பாளரே முடிவுசெய்ய விட வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தடை தர மறுத்ததும், செயலிகளைத் தனித்தனியாக உரிமம் பெறலாம் என்று கூகுள் அறிவித்தது. மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்து, ஆணையத்தின் பத்து உத்தரவுகளில் நான்கை நீக்கியது. முன்கூட்டி ஏற்றிய செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்பது அந்த நான்கில் ஒன்று. ஐரோப்பியருக்குச் சட்டம் தந்ததை நமக்கு ஆணையம் தந்தது, தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டது.

கூகுள் தரப்பு வாதத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆண்ட்ராய்டை இலவசமாகக் கொடுப்பதால்தான் ஏழாயிரம் எட்டாயிரம் ரூபாய்க்கும் ஸ்மார்ட்போன் கிடைக்கிறது. தேடலிலிருந்து வரும் வருமானம்தான் அதைத் தாங்குகிறது. பிரவுசரே இல்லாத கணினியை வாங்கி, எதைக் கொண்டு இன்னொரு பிரவுசரைப் பதிவிறக்குவது? இயங்குதளத்தோடு ஏதோ ஒன்று வரத்தான் வேண்டும். மேல்முறையீட்டு நீதிமன்றம்கூட 2001-ல் மென்பொருளைச் சேர்த்துத் தருவதையே குற்றம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட மறுத்தது. சேர்த்துத் தருவது தவறில்லை என்பதே என் கருத்தும். பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் கொடுக்காதே என்று தயாரிப்பாளரிடம் எழுதி வாங்குவதுதான் தவறு. இதே ஆண்ட்ராய்டு ஒப்பந்தங்களுக்கு எதிராக ஐரோப்பிய ஆணையம் 2018-ல் போட்ட உத்தரவுக்குப் பிறகு, தேடலும் குரோமும் வேண்டாம் என்பவர்களுக்குப் பிளே ஸ்டோர் உள்ளிட்ட மற்றவற்றைத் தர கூகுள் கட்டணம் வைத்தது. ஒரு கருவிக்கு 40 டாலர் வரை என்று செய்திகள் வந்தன. தேடலையும் குரோமையும் எடுத்துக்கொள்கிறவருக்கு அந்தச் செலவு வராமல் பார்த்துக்கொள்ளவும் வழி இருந்தது. சுதந்திரத்துக்கு விலைப்பட்டியல் ஒட்டினால் அதை எடுக்க எந்தத் தயாரிப்பாளர் வருவார்? ‘எக்ஸ்பி என்’ போன வழியில்தான் இதுவும் போகும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் ‘உலா’ பிரவுசருக்கு, மத்திய அரசின் இந்திய பிரவுசர் போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசு கிடைத்தது. பரிசுத்தொகை ஒரு கோடி ரூபாய். பாராட்ட வேண்டியதுதான். ஆனால், சாம்சங்கோ ஷாவ்மியோ அதைத் தன் போனின் முதல் திரையில் வைத்தால் என்ன இழக்கும், கூகுளுடனான அதன் வருவாய்ப் பங்கீட்டில் எவ்வளவு குறையும் என்பது எந்த ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று நம் அரசு கேட்டுப் பார்த்திருக்கிறதா? சுதேசி பிரவுசர் உருவாக்கப் போட்டி நடத்துகிற அரசு, அந்தப் பிரவுசர் போய் உட்கார வேண்டிய இடத்தின் வாடகைச் சீட்டையும் படிக்க வேண்டும்.

டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச் 12 அன்று வெளியானது. சேர்த்துக்கட்டி விற்பதைத் தடுக்கும் பிரிவும் அதில் உண்டு. விவரங்கள் ஆணையத்தின் விதிமுறைக்கு விடப்பட்டிருக்கின்றன. அந்த விதிமுறையை எழுதுகிறவர்கள் பயனருக்கு இன்னொரு தேர்வுத் திரை காட்டுவதில் நேரம் செலவிட வேண்டாம். பெரிய இயங்குதள நிறுவனங்கள் போன், கணினித் தயாரிப்பாளர்களோடு செய்கிற உரிம, வருவாய்ப் பங்கீட்டு ஒப்பந்தங்கள் ஆணையத்திடம் தாக்கலாக வேண்டும்; தொகுப்பாகத் தருவதற்கும் தனியாகத் தருவதற்கும் உள்ள விலை வித்தியாசத்துக்கு நிறுவனம் கணக்குக் காட்ட வேண்டும்; புகாருக்கு இடைக்கால உத்தரவு ஆண்டுக் கணக்கில் அல்லாமல் மாதக் கணக்கில் வர வேண்டும். 2019-ல் தொடங்கிய ஆண்ட்ராய்டு விசாரணைக்கு உத்தரவு வர மூன்றரை ஆண்டு ஆனது. அதற்குள் இந்தியாவின் ஸ்மார்ட்போன்களில் 95 விழுக்காட்டுக்கும் மேல் ஆண்ட்ராய்டு ஆகியிருந்தது.